பதினேழாம் வளையின் வெற்றுக் கட்டங்கள்

தென்கோடிக் கடலில் இருக்கும் பிளிண்டர்ஸ் தீவின் முதியோர் இல்லத்தில் முப்பத்தொரு பேரைக் கவனிக்கப் பகலில் இரண்டே பேர். மூன்றாவது ஆள் வேண்டும் என்று கேட்டபோது நிர்வாகம் கொடுத்தது ஒரு தியானச் செயலி. ஆளைக் குறைத்தவர்கள், மிஞ்சியவர்களின் மூச்சுக்கும் கணக்குக் கேட்டார்கள்: தேநீர் அறைச் சுவரில் அட்டவணை, பத்து நிமிடம் தியானத்தில் உட்கார்ந்த நாளுக்கு ஒரு நட்சத்திரம்.

அங்கே பராமரிப்பு வேலை செய்யும் ரொவீனாவின் வரிசையில் அந்த மாதம் பதினோரு கட்டங்கள் காலி. ஐம்பத்திரண்டு வயதில் மூச்சைக்கூட ஒழுங்காகக் கவனிக்கத் துப்பில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் விளக்கம் சொல்ல வேண்டும். எழுதிவைத்த மன்னிப்புத் தாள் சட்டைப் பையிலேயே இருந்தது.

முறை விடுப்பான ஞாயிறு காலை, உடன் வேலை செய்யும் டெஸ்ஸோடு மட்டன்பறவைகளின் வளைகளைப் பார்க்கப் போனாள். மணலில் வளை தோண்டி முட்டையிடும் கடற்பறவைகள் அவை; எந்த வளைக்கு எது திரும்பியது என்று நோட்டில் குறிக்க வேண்டும். இருபது வருடமாக டிசம்பர்தோறும் அவர்கள் விரும்பிச் செய்கிற வேலை அது.

"மூஞ்சிய ஏண்டி இப்படி வச்சிருக்க? வளைக்குள்ள பாம்பு இருந்தா அதுவே பயந்து ஓடிரும்."

"ஒரு பத்து நிமிஷம் என்னால உக்கார முடியலயே, டெஸ்."

"நீ உக்காந்துட்டா, கீழ விழுந்த பெரியவர யாரு தூக்குறது? அந்தச் செயலியா?"

ரொவீனா சிரிக்கவில்லை. பதினேழு என்று எழுதிய மரமுளையருகே குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டாள். வளைக்குள் கதகதப்பு. அலகு விரலைக் கவ்வியது. பறவையை மெல்ல வெளியே எடுத்து, அதன் காலில் மாட்டியிருந்த அடையாள வளையத்தின் எண்ணைப் படித்தாள்.

நோட்டைப் புரட்டிய டெஸ் நிமிர்ந்தாள். "அதே பறவைதான்டி! ரெண்டு வருஷமா காலி. செத்துப்போச்சுன்னுல்ல நெனச்சோம்!"

அரைக் கிலோ கனம். அலாஸ்காவின் கடல்வரை போய், பாதிப் பூமியைத் தாண்டி, ஆயிரம் வளைகளுக்கு நடுவே இதே குழிக்கு வந்திருக்கிறது. அதன் நெஞ்சு ரொவீனாவின் உள்ளங்கையில் படபடத்தது.

நோட்டில் வருடத்துக்கு ஒரு கட்டம்; இருந்தது அவள் கையெழுத்துதான். இருபது வருடத்தில் ஐந்து கட்டங்கள் காலி. அதற்காக ஒருநாளும் அவள் இந்தப் பறவையைக் குறை சொன்னதில்லை. பறவையை முட்டைமேல் திரும்ப விட்டுவிட்டு, நெடுநேரம் மணலிலேயே கிடந்தாள்.

திங்கட்கிழமை மேலாளர் கேட்டார்: "பதினோரு நாளா என்ன பண்ணீங்க, ரொவீனா?"

"குளிப்பாட்டினேன். தூக்கினேன். ரெண்டு பேரு சாகும்போது கையப் பிடிச்சிட்டிருந்தேன். மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். ஆள்தான் கேக்குறேன்."

"நானும்தான்," என்றாள் டெஸ்.

கூட்டம் கலைந்ததும் ரொவீனா அட்டவணைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கண்ணை மூடினாள். மூச்சு வந்தது, போனது. உள்ளங்கையில் அந்தப் பறவையின் நெஞ்சு இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது. எத்தனை நிமிடம் என்று அவள் பார்க்கவில்லை.