காலையில் கேள்வி, சாயங்காலம் பதில்

சனிக்கிழமை டிரங்க் கால் புக் செய்துவிட்டு, உத்தமபாளையம் போஸ்ட் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தே மதியம் போய்விட்டது.

என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் பேங்க் உத்தியோகம். எனக்கு இங்கே பள்ளிக்கூடம். கல்யாணமானதிலிருந்து எங்கள் குடும்பம் நடப்பது பெரும்பாலும் அந்தக் கறுப்பு ரிசீவரில்தான். ஒருவழியாக லைன் கிடைத்தது.

"சாப்பிட்டியா?"

"ம். நீங்க?"

"ஆச்சு. வேற?"

"வேற... ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. வாரம் பூராவும் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனது? 'வேற?' என்று கேட்டால் போதும்... எல்லாம் ஓடிப்போய் ஒளிந்துகொள்கிறது.

பெஞ்சை விட்டு எழுந்தபோது நேவி சார் ஞாபகம் வந்தது.

போடியில் என் முதல் வேலையைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறையப் புலம்பியிருக்கிறேன். நேவி சாரைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. ஜெபராஜ் என்று பெயர். கடற்படையில் சிக்னல் பிரிவில் இருந்தவர். ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு விளக்கை மூடித் திறந்து சேதி அனுப்புவது அவர் வேலை. மனைவியோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அதை விட்டுவிட்டு வந்து, எங்கள் பள்ளியில் பி.டி. மாஸ்டர் ஆனார்.

வந்து என்ன பிரயோசனம்? மனைவி எஸ்தர் டீச்சருக்கு மலைமேல் வேலை. ஏலக்காய்த் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற ஓராசிரியர் பள்ளி. ஜீப் கிடைத்தால் சனிக்கிழமை இறங்கி வருவார். கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.

"இம்புட்டு நாள் கடலு பிரிச்சு வச்சுச்சு. இப்ப மலை" என்பார் சார்.

ஆனால் எங்கள் கிரவுண்டிலிருந்து பார்த்தால் அந்தப் பள்ளிக்கூடம் தெரியும். மலை விளிம்பில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி. அது போதாதா ஒரு சிக்னல்காரருக்கு? குட்டையும் நெட்டையுமான மின்னல்களால் எழுத்துச் சொல்கிற மோர்ஸை மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கொரு கண்ணாடி வாங்கினார்.

காலையில் சூரியன் கிழக்கே. மலைமேல் இருக்கிறவர் கண்ணாடியைத் திருப்பினால் வெளிச்சம் நேராகப் போடிக்கு இறங்கும். மாலையில் சூரியன் மேற்கே சாய்ந்த பிறகு, கீழே இருக்கிறவர் திருப்பினால் அது மலைக்கு ஏறும். ஆகவே பிரேயருக்கு முன்னால் டீச்சர் பேசுவார், சிலேட்டால் கண்ணாடியை மறைத்து மறைத்து. கடைசி பீரியடில் சார் பதில் சொல்வார், தொப்பியால் மறைத்து மறைத்து. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

எனக்குக் கேட்க வேண்டுமா? ஒரே மூச்சில் மோர்ஸ் கற்றுக்கொண்டேன். காதல் கடிதம் படிக்கப்போகிற படபடப்போடு சார் பக்கத்தில் போய் நின்றேன். மலையில் மின்னியது. எழுத்துக் கூட்டினேன்.

'மாவில் வண்டு.'

சாயங்காலம் பதில் போனது: 'சலித்துக் காயப்போடு.'

இதற்கா இத்தனை பாடு?

ஹெட்மாஸ்டர் வராந்தாவிலிருந்தே கேட்பார். "என்ன ஜெபராஜ், கவர்ன்மெண்ட் வெயில்ல குடும்பம் நடத்துறீகளா?"

"வெயிலுக்கு ஸ்டாம்ப் ஒட்டணும்னு ஜி.ஓ. வந்தா ஒட்டிருவோம் சார்."

ஒவ்வொரு மே மாதமும் டீச்சருக்கு டிரான்ஸ்பர் கேட்டு மதுரை ஆபீசுக்குப் போவார். ஒவ்வொரு மே மாதமும் வெறுங்கையோடு திரும்புவார். ஒரு வருஷம் டிரான்ஸ்பர் லிஸ்ட் ஜூனில் பள்ளி திறந்த அன்றுதான் வந்தது. மறுநாள் மலையிலிருந்து ஒரே சொல் இறங்கியது. 'கிடைத்ததா?'

அன்றைக்கு முழுவதும் சாருக்கு அந்தப் பதில்தான் வேலை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து உதட்டைக் குவித்து ஏதோ முணுமுணுப்பார்... பிறகு தலையை ஆட்டிக்கொள்வார். ஆபீஸ்காரர்களைத் திட்டி ஒரு பதில், தன்னையே நொந்து ஒரு பதில். எல்லாவற்றையும் மதியத்துக்குள் மனசுக்குள்ளேயே எழுதி அடித்துவிட்டார் போல. கடைசி பீரியடில் போனது இவ்வளவுதான்: 'இல்லை. சனிக்கிழமை நான் ஏறி வருகிறேன்.'

நேருக்கு நேர் நின்றிருந்தால் அந்தக் கேள்விக்கு இந்தப் பதில் வந்திருக்குமா? சந்தேகம்தான்.

பிறகு சாரல் பிடித்தது. மலையே காணாமல் போய்விட்டது. பாதையில் மண் சரிந்து ஜீப்பும் நின்றது. சார் தினமும் காலையில் கிரவுண்டுக்கு வந்து, மேகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். விசில் ஊதுவதிலேயே சுரத்து இல்லை.

ஆவணியில் ஒருநாள் வெயில் அடித்தது. மலை பளிச்சென்று நின்றது. அதன் விளிம்பில் வெளிச்சம்! நான் ஓடினேன். குட்டையும் இல்லை, நெட்டையும் இல்லை. அசையாமல் ஒரே வெளிச்சம்.

"என்ன சார் சொல்றாக?"

"ஒண்ணும் சொல்லல டீச்சர்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இருக்கா."

அடுத்த வருஷம் டிரான்ஸ்பர் வந்தது. ஸ்டாஃப் ரூமுக்கே லட்டு. நானும் வேறு பள்ளிக்கு மாறிப் போய்விட்டேன்.

இதெல்லாம் பெஞ்சிலிருந்து வீட்டுக்கு நடப்பதற்குள் ஞாபகம் வந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் போடிக்குப் போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வாங்க டீச்சர். சந்தோசமா இருக்கீகளா?" என்றார் எஸ்தர் டீச்சர்.

"நீங்க சொல்லுங்க. இப்ப நேராவே பேசிக்கலாம். எப்படி இருக்கு?"

"எங்கன பேச? மலையில இருந்தப்ப பேசுனதுல பாதி இல்ல. நான் வாயத் தொறக்குமுன்ன பதில் வந்துருது. அதுவும் பேப்பர விட்டுத் தலைய எடுக்காம."

உள்ளேயிருந்து குரல். "கேக்குது."

"கேக்கட்டும்னுதான் சொல்றேன்."

கண்ணாடி எங்கே என்று கேட்டேன். பின்கட்டில், சார் சவரம் செய்கிற இடத்து ஆணியில் தொங்கியது. ஓரமெல்லாம் ரசம் போயிருந்தது. புதுசு வாங்கக் கூடாதா?

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "வேணாம். சண்டை போட்டு ரெண்டு நாள் பேசாம இருந்தோம்னா காலையில இதத்தான் எடுத்துக்கிட்டு மாடிக்குப் போவேன். அங்கன இருந்து கிரவுண்டு தெரியும். அவுக அந்நேரம் கிரவுண்டுல மலையப் பாத்து நிப்பாக. இன்னும் அந்தப் பழக்கம் விடல. வெளிச்சத்த அவுக மேல அடிப்பேன்."

"என்ன சேதி அனுப்புவீக?"

"ஒண்ணும் அனுப்ப மாட்டேன். சும்மா பிடிச்சுக்கிட்டு இருப்பேன்."

"பதில்?"

"அது சாயங்காலந்தான் வரும்" என்று சிரித்தார். "பூ வாங்கிட்டு வருவாக."

அடுத்த சனிக்கிழமை. அதே பெஞ்ச், அதே காத்திருப்பு, அதே லைன்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"வேற?"

"வேற ஒண்ணும் வேணாம். சும்மா லைன்லயே இருங்க."

அந்தப் பக்கம் கொஞ்சம் குழம்பியது. பிறகு புரிந்துகொண்டு அமைதியானது. மூச்சுச் சத்தம் கேட்டது. தூரத்தில் கோயம்புத்தூர் பஸ் ஒன்றின் ஹாரன் கேட்டது. நடுவில் பாவம் ஆபரேட்டர்தான் பதறிப்போனார்.

"ஹலோ... ஹலோ... லைன்ல யாராச்சும் இருக்கீகளா?"

இருந்தோம்.