மொட்டை டயரும் இருபது நட்டும்

என் மகள் புதிதாக வாங்கிய நான்கு டயர்களிலும் ஒரு கோடுகூட இல்லை. நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். ரப்பர் வழவழவென்று கரும்பலகையை வளைத்து வைத்தது போல இருந்தது. தேய்மானம் பார்ப்பதற்காக ஊசிக் குத்து அளவில் சில குழிகள் மட்டும் இருந்தன. ஒரு டயரில் உள்ளவற்றை எண்ணிவிட்டு நிமிர்ந்தேன்.

"ஏன் தாயி, இது மொட்டை டயர்ல்ல? இத மாட்டிட்டு ரோட்ல போனா போலீஸ்காரன் பிடிப்பான். நீ கேட்டு வாங்கிட்டு வந்திருக்க."

"தேஞ்சு மொட்டையானது இல்லப்பா, பொறக்கும்போதே மொட்டை. ஸ்லிக்குன்னு பேரு. ட்ராக்ல மட்டும்தான் ஓட்டணும். கோடு இல்லாததால மொத்த ரப்பரும் தரையப் பிடிச்சுக்கும்."

"மழை பெஞ்சா?"

"பெஞ்சா மூடிட்டு வீட்டுக்கு வந்துரணும்."

டயர்களைக் கொண்டுவந்து இறக்கிய கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகம் புரிந்துவிட்டது. "அங்கிள்ஜி, யே கஞ்சா டயர் நஹி ஹை" என்று சிரித்தார். கஞ்சா என்றால் இந்தியில் வழுக்கை. நாற்பத்தாறு வருடங்களாக டெல்லியில் இருக்கிறேன். இன்னும் அந்தச் சொல் காதில் விழும்போது ஒரு கணம் திடுக்கிடுகிறேன்.

போகும் முன் அவர் இரண்டு விஷயங்கள் சொன்னார். இந்த டயர் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் இறுகிப்போகும். எத்தனை முறை சூடானது என்று சாக்பீஸால் டயரின் பக்கவாட்டில் கோடு போட்டு வையுங்கள் என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவதை மகளிடம் சொன்னார். சூடான ரப்பர் பசை போல இளகி, தடத்தில் கிடக்கும் துணுக்குகளையெல்லாம் ஒட்டிக்கொள்ளும், ஸ்டீரிங் அதிரும், பயந்து வண்டியை நிறுத்தாதீர்கள், ஓட்டிக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும். இந்த இரண்டாவதைத்தான் பிறகு நான் நினைத்துக்கொள்ள வேண்டி வந்தது.

மகளுக்கு நாற்பத்து மூன்று வயது. மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர். வாரத்தில் ஆறு நாள் அவளை நான் பார்ப்பது காலையில் பன்னிரண்டு நிமிடம், இரவில் இருபது நிமிடம். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் முழு நாள். அன்று நொய்டா தாண்டி இருக்கும் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிக்கொள்ள விடுவார்கள். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. இருபது நிமிடம் ஓட்டலாம், பிறகு அடுத்த பிரிவினர் போவார்கள். மகளிடம் இரண்டே இருக்கைகள் உள்ள ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. மயூர் விஹாரிலிருந்து தடம் வரை நான் அதன் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து போவேன். தடத்தில் ஓட்டும் சக்கரங்கள் பின்னால் 'சோட்டா ஹாத்தி'யில், அதாவது குட்டி லாரியில் வரும்.

அங்கே போனதும் சக்கரங்களை மாற்றுவது என் வேலை. ஜாக்கியை அவள் ஏற்றுவாள். சக்கரத்துக்கு ஐந்து நட்டு, நான்கு சக்கரத்துக்கு இருபது. டார்க் ரென்ச் என்று நீளமான ஒரு ஸ்பேனர் இருக்கிறது. நட்டு போதுமான அளவுக்கு இறுகியதும் அது 'டக்' என்று சத்தம் போட்டு, கைக்குள் ஒரு சின்ன உதறல் கொடுக்கும். அதற்கு மேல் இறுக்கக் கூடாது, அதற்குக் கீழ் விடவும் கூடாது. இருபது டக். அதன் பிறகு "ஆச்சு" என்று சொல்வேன். அவள் திரும்பிப் பார்க்காமல் ஹெல்மெட்டை மாட்டுவாள். எட்டு ஞாயிறுகள் இப்படி நடந்தன. அந்த எட்டிலும் அவள் ஒருமுறைகூட நட்டுகளைத் தொட்டுப் பார்த்ததில்லை. புள்ளிவிவரத் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். நான் கொடுத்த எண்ணை இப்படிச் சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டவர்கள் யாரும் இல்லை.

அவளிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. என் விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை. என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. அவள் போன அன்று நான் அழவில்லை. வந்தவர்களை எண்ணினேன், நூற்றுப் பதினொன்று. அதன் பிறகு சாப்பாட்டில் ருசி இல்லை, பாட்டுக் கேட்பதில் பிடிப்பு இல்லை, கோபம்கூட வருவதில்லை. எல்லாமே மரத்துப் போயிருந்ததால் விரல்களையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டேன். மூன்று கண்ணாடி டம்ளர்கள் கை நழுவி உடைந்த பிறகுதான், இது வேறு இனம், தனியாக எழுத வேண்டியது என்று தோன்றியது. பதினெட்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. காரணம் தெரியாமல் இல்லை. ஆனால் மகளிடம் சொன்னால் ரென்ச்சை வாங்கி வைத்துவிடுவாள். இந்த உலகத்தில் என்னை நம்பி நடக்கிற காரியம் அந்த இருபது நட்டு மட்டும்தான். கையில் உதறல் தெரியாவிட்டால் என்ன, காதில் டக் கேட்கிறதே என்று இருந்துவிட்டேன்.

ஒன்பதாவது ஞாயிறு பிப்ரவரியில் வந்தது. காலையில் பனிமூட்டம் விலகப் பத்து மணி ஆயிற்று. ஸ்லிக் டயர்களுக்கு அன்றுதான் முதல் ஓட்டம்.

"இந்த டயர்ல முதல் ரெண்டு ரவுண்டு ஐஸ் மேல போற மாதிரி இருக்குமாம்ப்பா. சூடானதும் பிடிச்சுக்குமாம். ஜல்தி மாட்டுங்க, பதினஞ்சு நிமிஷந்தான் இருக்கு."

"அவசரப்படுத்தாத. எண்ணிக்கை விட்டுப்போகும்."

"உங்களுக்கா? தூக்கத்துல கொசுவ எண்ணுற ஆளு நீங்க."

முன் இடது, முன் வலது, பின் இடது, எல்லாம் பதினைந்து டக்குடன் முடிந்தன. பின் வலது சக்கரத்தில் மூன்றாவது நட்டைப் பிடித்திருந்தபோது அடுத்த கொட்டகையில் ஒரு மஞ்சள் கார் உறுமத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. நான் ரென்ச்சை அழுத்தினேன். கேட்டதாக நினைத்தேன். அடுத்த நட்டுக்குப் போனேன். மஞ்சள் கார் நகர்ந்து போயிற்று. நான்காவது டக், ஐந்தாவது டக்.

"இருபது. ஆச்சு."

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

நான் தடத்தின் ஓரச் சுவரருகே என் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தேன். பொத்தானை அழுத்திவிட்டேனா என்று விரலுக்குத் தெரியாது. எண்கள் ஓடுகின்றனவா என்று கண்ணால் பார்த்துக்கொள்வேன். ஓடின. முதல் சுற்றை மூன்று நிமிடம் நான்கு விநாடியில் முடித்தாள். டயர் சூடாகவில்லை, மெதுவாகத்தான் வருவாள். அவள் இரண்டாவது சுற்றில் இருந்தபோது நான் வழக்கம்போல மனதுக்குள் சத்தங்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வேலையில் இருந்த காலத்திலிருந்து உள்ள பழக்கம். கூட்டலை ஒருமுறை மேலிருந்து கீழாக, ஒருமுறை கீழிருந்து மேலாகப் போட்டுப் பார்ப்பேன். கீழிருந்து மேலாக எண்ணினேன். ஐந்து, நான்கு, அதற்கு மேல் மஞ்சள் காரின் உறுமல்.

பத்தொன்பது.

நான் நட்டுகளை எண்ணியிருக்கிறேன், டக்குகளை எண்ணவில்லை.

ஒரு நட்டு சரியாக இறுகாவிட்டால் மற்ற நான்கும் தாங்கும் என்றுதான் சொல்வார்கள். சில சுற்றுகள் தாங்கும். பிறகு சக்கரம் ஆடும், ஸ்டீரிங் அதிரும். அதிர்ந்தால் எந்த ஓட்டுநரும் உள்ளே வந்துவிடுவார். என் மகள் வர மாட்டாள். அதிரும், நிறுத்தாதே என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். டயரின் குணம் என்று நினைத்துக்கொண்டு நேர்ப் பாதையில் இன்னும் அழுத்துவாள்.

பயம் வந்ததா என்றால், வந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். வரவில்லை. கூட்டலில் ஒன்று குறைகிறது என்பது மட்டும் தெரிந்தது. எழுந்து நடந்தேன். தடத்தில் ஓடும் வண்டிகளுக்குக் கொடி காட்டும் கொடிக்காரர் நின்ற இடம் வரை அறுபத்தேழு அடி. கரும்பு வயலில் வேலை செய்பவர் மாதிரி வாட்டசாட்டமாக இருந்தார், நாற்பது வயதிருக்கும்.

"தம்பி, பதினேழாம் நம்பர் வண்டியை உள்ளே கூப்பிடுங்கள், நட்டு லூஸ்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"பக்கா?" நிச்சயமா என்றார்.

"ஷாயத்." இருக்கலாம் என்றேன்.

"ஷாயத் பே ஃப்ளாக் நஹி தேதே, அங்கிள்ஜி." இருக்கலாம் என்பதற்கெல்லாம் கொடி காட்ட மாட்டார்களாம். "தேகா க்யா ஆப்னே?" நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை, முப்பத்து நான்கு வருடத்தில் ஒருமுறைகூட. தூரத்தில் சிவப்புக் கார் கடைசி வளைவில் திரும்புவது தெரிந்தது.

"தேகா. லூஸ் ஹை" என்றேன்.

அவர் கருப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடியையும் பதினேழு என்று எழுதிய பலகையையும் தூக்கினார். உன் வண்டியில் கோளாறு, உள்ளே வா என்று அதற்குப் பொருள். அவள் எங்களைத் தாண்டிப் போனாள். அந்தச் சுற்று முடிய இரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. பதினாறு வளைவுகள். நான் வளைவுகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கேட்டாள்.

"என்னாச்சு? எண்ணெய் ஒழுகுதா? இப்பத்தான் டயர் சூடாகிப் பிடிக்க ஆரம்பிச்சுது!"

"பின்னால வலது சக்கரம். மூணாவது நட்டு. எனக்கு டக் கேக்கல."

அவள் ரென்ச்சை எடுத்து அந்த நட்டில் வைத்து அழுத்தினாள். டக். உடனே டக். ஏற்கெனவே இறுகியிருந்தது. மற்ற பத்தொன்பதையும் பார்த்தாள். எல்லாம் இறுக்கம்.

"எல்லாம் பக்காவா இருக்குப்பா."

"கேக்கல தாயி. அந்த மஞ்சக் கார் கத்திக்கிட்டு இருந்துச்சு."

"கேக்கலன்னா என்ன? கையில தெரிஞ்சிருக்குமே. எனக்கே தெரியுதே, க்ளவுஸ் போட்டுக்கிட்டு."

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் ரென்ச்சைக் கீழே வைத்தாள். தன் கையுறைகளைக் கழற்றினாள்.

"கையக் குடுங்க."

"இப்ப எதுக்கு? இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு, நீ போ."

"குடுங்கப்பா. கண்ண மூடுங்க. நான் தொடும்போதெல்லாம் ம்னு சொல்லணும்."

டிஷ்யூ காகிதத்தை முறுக்கி அதன் நுனியால் தொடப்போகிறாள் என்பது கண்ணை மூடும் முன் பார்த்தது. நான் "ம்" என்றேன். சற்று விட்டு "ம்." அதே இடைவெளியில் மறுபடி "ம்." சீராகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"போதும்" என்றாள். "ஏழு தடவ ம் சொன்னீங்க. நான் ரெண்டு தடவதான் தொட்டேன்."

கண்ணைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல."

"தினம் பத்துப் பேருக்கு ஊசி போட்டுட்டு, மரத்துருச்சான்னு கிள்ளிப் பாக்குறேன். வீட்டுல உங்க கையிலதான் காபி வாங்கிக் குடிக்கிறேன்." பிறகு அவளுடைய ஆஸ்பத்திரிக் குரல் வந்தது. "நாளைக்குக் காலைல எட்டு மணி. சாப்பிடாம என்கூட வர்றீங்க. இனிமே நட்டு நீங்க போட வேண்டாம்."

"சரி" என்றேன். இதைத்தான் இத்தனை மாதமாக அஞ்சிக்கொண்டிருந்தேன். நடந்துவிட்டது. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

டயர்கள் ஆறிப்போயிருந்தன. மூன்றே சுற்றுக்கு ஒரு சூடு வீண். நான்கு டயர்களிலும் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போட்டேன்.

மதியம் இரண்டாவது ஓட்டத்துக்கு முன் அவளே மண்டியிட்டு நட்டுகளை மறுபடி இறுக்கினாள். என்னிடம் ஒரு மஞ்சள் பெயின்ட் பேனாவைக் கொடுத்தாள். ஒரு நட்டு டக் என்றதும், நட்டிலிருந்து சக்கரம் வரை ஒரு கோடு போட வேண்டும். பிறகு நட்டு நகர்ந்தால் கோடு உடைந்திருக்கும், பார்த்தாலே தெரியும், கை தேவையில்லை.

"இத மொதல்லயே வாங்கியிருக்கணும்" என்றாள்.

"நான் இருந்தேனே" என்றேன்.

"ஆமா. நீங்க இருந்தீங்க." அடுத்த நட்டுக்கு நகர்ந்தாள். "எண்ணுங்க, எட்டா ஒம்பதா?"

"ஒம்பது."

அந்த ஓட்டத்தில் ஒரு சுற்றை இரண்டு நிமிடம் இருபத்திரண்டு விநாடியில் முடித்தாள். பழைய டயரில் அவளுடைய சிறந்த நேரம் இரண்டு முப்பத்தொன்று. உள்ளே வந்தபோது முகமெல்லாம் சிவந்து, "அப்பா, தரைய விடவே மாட்டேங்குது!" என்று கத்தினாள். டயர்கள் முழுக்க ரப்பர் துணுக்கும் சிறு கல்லும் ஒட்டி, பூரான் ஊர்ந்தது போல இருந்தன. தொட்டால் ஒட்டும் என்றாள். தொட்டேன். ஒட்டியதா என்று தெரியவில்லை. ஒன்பது விநாடி குறைவு என்று நோட்டில் எழுதினேன். இருபது மஞ்சள் கோடுகளையும் குனிந்து பார்த்தேன், ஒன்றும் உடையவில்லை.

மறுபடி சாதாரண டயர்களை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது வெளிவாசலில் அந்தக் கொடிக்காரர் நின்றிருந்தார். என் பக்கத்துக் கண்ணாடி அருகே குனிந்தார்.

"அங்கிள்ஜி, கௌன்சா லூஸ் தா?" எது லூசாக இருந்தது என்று கேட்டார்.

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். "ஒன்றுமில்லை, எல்லாம் இறுக்கமாக இருந்தது. நான் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று உங்களிடம் பொய் சொன்னேன்" என்று இந்தியில் சொன்னேன்.

அவர் "அச்சா" என்று சொல்லி வாசலின் தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டார்.

விரைவுச்சாலையில் ஏறிய பிறகுதான் கவனித்தேன், என் வலது கையில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது. மூன்று விரல் நுனிகளில். எப்போது ஒட்டியதோ, காய்ந்துவிட்டிருந்தது.