தருமபுரியில் வால் நறுக்கிய பாட்டு

கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். கேசட் பதியத் தருமபுரிக்குத் தனியாகப் போக நம் வகுப்பில் நாலு பேராவது திட்டம் போடுகிறீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன். நான் இன்று போய்வந்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிடும். உபதேசியார் மகள் பாட்டுக் கடைப் படி ஏறினாள் என்று மாதா கோயிலில் யாரும் பேசக் கூடாது அவருக்கு.

பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் சேவியர் அண்ணன் நேற்று இண்டூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தான். நாளை விடிகாலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறான். அவன் நண்பனிடம் இரவல் வாங்கிய கேசட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். வெளிநாட்டில் நாலு பேர், பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் தாங்களே போட்டதாம். அங்கேயே யாரும் வாங்கவில்லையாம். இந்த மாதிரிப் பாட்டுக்கு 'டிரீம் பாப்' என்று பெயர் என்றான். ராத்திரி அதைப் போட்டதும் அம்மா கேட்டாள்: "ஏன்டா, கேசட்டு கெணத்துல உழுந்துருச்சா?"

எனக்குப் பிடித்திருந்தது. ராகி மிஷின் எங்கோ தூரத்தில் ஓடுவது போலத் தாளம். அதற்குப் பின்னால் ஒரு பெண், யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில் தனக்குத்தானே பாடுகிறாள். ஒரு சொல்லும் பிடிபடாது. இங்கிலீஷில் நான் எவ்வளவு மட்டம் என்று உங்களுக்குத் தெரியும். இதில் சேவியர் அண்ணனுக்கும் ஒரு வரி புரியவில்லை. அதிலேயே எனக்குப் பாதி நிம்மதி. கடைசிப் பாட்டில் அவள் பாடி முடித்த பிறகும் கிட்டார் நிற்காது. நாலு நிமிஷம் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான் போனேன். "அதுல கைய வெச்ச, பாத்துக்க" என்று அண்ணன் மிரட்டியிருந்தான். இன்று காலை அவன் நல்லம்பள்ளிக்குப் போனதும் எடுத்துப் பையில் போட்டேன்.

வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். ஒன்பதரை மணி பஸ். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். முக்கால் மணியில் போக வேண்டியது, தக்காளிக் கூடை ஏற்றியே ஒரு மணி நேரம் ஆக்கினார்கள். கண்டக்டர் வேறு பிடித்துக்கொண்டார்.

"உபதேசியாரு பாப்பாதான நீ? ஸ்கூலு இங்க இருக்குது, அங்க எங்க போற?"

"மேப்பு வாங்கங்க."

"ஒலகத்தயே வாங்கப் போறியா? செரி, செரி, உள்ள போ."

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில். கடைக்கார அண்ணன் கேசட்டைப் போட்டார், உடனே நிறுத்தினார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மிஷினைத் துடைத்தார். மறுபடி போட்டார், மறுபடி துடைத்தார்.

"டேப்பு இழுத்துக்கிச்சு பாப்பா."

"இல்லீங்கண்ணா, பாட்டே அப்படித்தானுங்க."

"பாட்டா? பல்லு வலிக்காரி மொனவுற மாரி இருக்குது!"

பக்கத்து போட்டோ ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டார். அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வெயில்ல வெச்சிருப்பாங்க" என்றார். டீ கொண்டுவந்தவரும் ஒரு யோசனை சொன்னார். நல்லா இருக்கிற பாட்டை நல்லாக்க இத்தனை பேர்! ரெண்டு மணிக்கு வா என்று அனுப்பிவிட்டார். வெயிலில் சுற்ற இடமில்லாமல் பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது கடைக்கார அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கடைசில யாருமே பாடல பாப்பா, சும்மா கொய்ங்னு ஓடுது. அத வெட்டிட்டு, மிச்சத்துல சூப்பரா ஒரு சினிமாப் பாட்டு சேத்துட்டேன். அதுக்குக் காசு வேணாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாடுகிறவள் மூச்சை விடுவதற்குள் டமடமவென்று தவில்! மறுபடி பதிய நேரமில்லை, காசும் இல்லை. மூன்று மணிக்குத் திரும்பும் பஸ். அதே கண்டக்டர். "மேப்பு எங்க?" என்றார். "தீந்துருச்சுங்க" என்றேன். பாட்டை நறுக்கிவிட்ட கோபத்தில் புதுக் கேசட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, அண்ணன் கேசட் இருந்த பையை முன்சீட்டுக் கம்பியில் மாட்டினேன். இறங்கும்போது எடுக்கவில்லை.

அந்த நாலு நிமிஷம் இப்போது அந்தப் பையில்தான் இருக்கிறது. அந்த பஸ் கடைசி டிரிப் முடிந்து ராத்திரி எங்கள் ஊரில்தான் நிற்கும். பை வராவிட்டால் விடிகாலை கிளம்பும்போது அண்ணன் தேடுவான். வந்தால் அப்பா கைக்குத்தான் வரும். எதற்காக ஜெபிப்பது என்றே தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பதியும்போது கடையை விட்டு நகராதீர்கள். பாடுகிறவள் நிறுத்தினால் பாட்டு முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஹாரன் சத்தம் கேட்கிறது. வண்டி வந்துவிட்டது.

இன்னும் ஒன்று. பையில் பெயர் தைக்க விடாதீர்கள். என் பையில் அம்மா சிவப்பு நூலில், பெரிய எழுத்தில், அப்பா பெயரை

கதவைத் தட்டுகிறார்கள்.