ஆறாவது வளையத்துக்கு அப்பால்

இரண்டு பேர் எண்ணியது அச்சு அசலாக ஒத்துப்போனால் யாரானாலும் சந்தோஷப்படுவார்கள். எங்கள் வேலையில் மட்டும் அப்படி ஒத்துப்போனால் சந்தேகம் வரும். எனக்கு அந்த வேலை போனது அப்படித்தான்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. பெங்களூரில் ஒரு கல்லூரியின் பின்பக்க அறையில் நானும் இன்னொருத்தியும் நெபுலா எண்ணிக்கொண்டிருந்தோம். இப்போது காலக்ஸி, விண்மீன் மண்டலம் என்கிறார்கள். கணக்கில் பி.ஏ. வாங்கிய இரண்டு பெண்கள் இதைத்தானா செய்தார்கள் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஆமாம், இதைத்தான் செய்தோம், ஆசையாகவே செய்தோம். அவள் வீடு பிரேசர் டவுனில், மாதா கோயிலை அடுத்த சந்தில். என் வீடு ஜோகுபாளையம். "ஏய் ஜோகுபாளையம்" என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். எனக்கு அவள் பிரேசர் டவுன்காரி.

எங்கோ கடல் கடந்த தேசத்துத் தொலைநோக்கியில் எடுத்த படத்தின் நகல் ஒன்று, கண்ணாடித் தகடாக, எங்கள் பேராசிரியருக்கு இரவலாக வந்திருந்தது. தகட்டில் வானம் வெளுப்பு, விண்மீன்கள் கறுப்பு. புள்ளி கூர்மையாக இருந்தால் விண்மீன். ஈரத் தாளில் மை ஊறினதுபோல ஓரம் கலங்கியிருந்தால் நெபுலா. தகட்டின் நடுவில் நெபுலாக்கள் கூட்டமாக அடைந்து கிடந்தன. ஒன்பது வளையங்கள் வரைந்த தாளை அடியில் வைத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு வளையமாக எண்ண வேண்டும். கூட்டம் எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி. அது தெரிந்தால்தான் அதற்குள் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது என்று கணிக்கலாம். ஐந்தாவது வளையத்தோடு முடிகிறது என்பது பேராசிரியரின் முடிவு. எண்ணுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்.

ஒருத்தி எண்ணியதை இன்னொருத்திக்குச் சொல்லக் கூடாது. அவரவர் தாள் அவரவர் மேசை இழுப்பறையில். எழுதியதை அடிக்கவும் கூடாது. இரண்டையும் கடைசியில் அவர் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்.

ஐந்து வளையம் முடித்து ஆறுக்குப் போனேன். நெபுலாக்கள் குறைந்தன, நிற்கவில்லை. ஏழிலும் இருந்தன, எட்டிலும் இருந்தன. கூட்டமே இல்லாத வெறும் வானத் தகடு ஒன்றும் எங்களிடம் உண்டு. அதில் சிதறலாக இருந்த நெபுலாக்களைவிட இங்கே அதிகம். கன்டோன்மென்டின் நெரிசல் தாண்டியும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் வந்துகொண்டே இருக்குமே, அப்படி. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆசைப்பட்டுப் பார்க்கிற கண்ணுக்கு இல்லாததும் தெரியும். ஒரு நாள் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தபடி கேட்டே விட்டேன்.

"நம்பர் சொல்லாதே. ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆறுக்கு அப்பறமும் உனக்குத் தெரியுதா?"

"தெரியுதுடி. நெறையவே இருக்கு. நானும் இன்னாடா இதுன்னு பாத்துக்கினு இருக்கேன்."

அன்று சாயங்காலம் ஹலசூர் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவ்வளவு தூரம் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உலகத்தில் யாரும் எண்ணிப் பார்க்காத ஒரு இடத்தை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்பதாவது வளையத்தில் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். எண்ணி முடித்து, தாளில் எழுதி, தகட்டை அவளிடம் கொடுப்பதற்கு முன் மல் துணியால் துடைத்தேன். வளையத்தின் ஒரு மூலையில் நான் எண்ணியிருந்த பதினொரு நெபுலாக்கள் துணியோடு வந்துவிட்டன. அத்தனையும் என் நெற்றி முடியிலிருந்து தெறித்த தேங்காயெண்ணெய்! எனக்கே சிரிப்பு வந்தது. அடிக்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டேன். துடைத்த தகட்டில்தான் அவள் எண்ணப் போகிறாள், பதினொன்று குறைவாக வரும், ஒப்பிடும் நாளில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அந்த நாளும் வந்தது. பேராசிரியர் மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் ஐந்து வளையங்களில் எங்கள் எண்கள் இரண்டும் மூன்றுமாக வித்தியாசப்பட்டன. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆறிலிருந்து ஒன்பது வரை ஒன்றுகூட மாறவில்லை.

"இது ஹேகம்மா, எப்படி ஆகும்? ரெண்டு பேர் கண்ணு இப்படி ஒண்ணா இருக்காது. யாரைப் பார்த்து யார் எழுதினது?"

ஒன்பதாவது எண்ணைப் பார்த்தேன். என் எண்ணெய்ப் புள்ளிகள் பதினொன்றும் அவள் தாளில் இருந்தன.

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் எண்ணினதைத்தான் சார் எழுதினேன்."

எனக்கு வந்த கோபத்தில் எண்ணெய்க் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். துடைத்த தகட்டில் அந்த எண் வரவே வராது என்றேன். திருடியைப் பிடித்துவிட்டதாக நினைப்பு எனக்கு. அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்போ உன் எண்ணிக்கையில எண்ணெயும் சேர்ந்திருக்குன்னு நீயே ஒத்துக்கறே" என்றார். சிவப்புப் பென்சிலால் இரண்டு தாளிலும் ஐந்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, மிச்சத்தைத் தள்ளிவிட்டார். மறுபடி எண்ணித் தருகிறேன், ஒரு வாரம் போதும் என்று கெஞ்சினேன். தகட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார். அவள் பார்த்து எழுதியது அவருக்கும் புரிந்திருக்கும். ஆனால் அவருக்குத் தேவையான ஐந்தும் கையில் இருந்தன. மறுபடி எண்ணுவேன் என்று அடம்பிடிக்கிற நான் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார், அவளை இருக்கச் சொன்னார்.

கல்லூரி கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றேன். அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"மன்னிச்சிடுடி. கண்ணு ஒரே வலி. நீ எண்ணினா கரெக்டாதான் இருக்கும்னு ட்ராயரைத் தொறந்து பாத்து எழுதிட்டேன். வேலை போயிடும்னு அங்க பொய் சொல்லிட்டேன்."

வேலையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

"அன்னிக்கி டிபன் சாப்பிடும்போது தெரியுதுன்னு சொன்னியே. அப்போ எது வரைக்கும் பாத்திருந்தே?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"அஞ்சு வரைக்கும்தான். நீ அவ்ளோ ஆசையா கேட்டே. இல்லைன்னு சொல்ல மனசு வரலடி."

வேலை போனது ஒரு வருஷத்தில் ஆறிவிட்டது. கூட்டம் ஐந்தோடு முடிகிறது என்று அவர் அச்சில் போட்டதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஏரிக்கரையைச் சுற்றி நடந்த அந்தச் சாயங்காலத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. இரண்டு பேர் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அந்த நாலு வளையங்களிலும் நான் ஒருத்திதான் இருந்திருக்கிறேன்.