அலமாரிச் சாவி

மகளின் பள்ளி நர்ஸம்மாவை ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்.

மகளுக்குக் காய்ச்சல் என்று அவர் போன் செய்தபோது, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் அறுவடை இயந்திரம், பின்னால் மன்னார்குடி பஸ்.

“ஒரு மாத்திரை குடுங்கம்மா, நான்தான் சொல்றேன்ல” என்றேன்.

“நீங்க கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இல்லீங்களே சார். குடுத்தா ஏன் குடுத்தேன்னு கேப்பாங்க, குடுக்கலன்னா ஏன் குடுக்கலன்னு கேப்பாங்க. ரெண்டுக்கும் நான்தானே பதில் சொல்லணும்?”

ஜூனில் வந்த அந்தத் தாளைப் படிக்காமலே டிவிக்கு அடியில் செருகியவன் நான். ஆனாலும் அவரைத்தான் திட்டினேன்.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். ஒல்லியான உருவம், வெளுத்த நீலப்புடவை. மருந்து அலமாரியின் சாவியை ரப்பர் பேண்டில் கோத்து மணிக்கட்டில் மாட்டியிருந்தார். அந்த இடம் சிவந்து கிடந்தது. மகளின் நெற்றியில் ஈரத்துணி. டம்ளரில் தண்ணீர் தயார். வாங்க என்றுகூடச் சொல்லாமல் கடிதத்தையும் பேனாவையும் நீட்டினார். நான் கையெழுத்தை முடிப்பதற்குள் மாத்திரை மகள் வாய்க்குப் போய்விட்டது.

திரும்பும் வழியில் மகள் சொன்னாள்: “நீ வர்ற வரைக்கும் அவங்க உக்காரவே இல்லப்பா. சாவியப் பூட்டுல விடுறாங்க, எடுக்குறாங்க. மறுபடியும் விடுறாங்க, எடுக்குறாங்க.”