சூசையண்ணையின் பாகமும் கனடா ரீலும்

தூண்டில் சாமான் விற்பவருக்கு நூல் அறுந்தாலும் பேச்சு, கொக்கி நிமிர்ந்தாலும் பேச்சு, மீனுக்குப் பசி இல்லாவிட்டாலும் பேச்சு. எந்தக் கடையிலாவது கதிரை தேய இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கடை என் கணவருடையது. பருத்தித்துறையில், மீன் சந்தைக்குப் போகிற தெருவில். அவர் காலமானபிறகு கடையில் நான் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தவளுக்கு ஈயக்குண்டு நிறுக்க வராது என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளிநாட்டுப் பெட்டிகளோடு வரும் ஆங்கிலக் கடதாசிகளை வாசித்துச் சொல்வதால், ஒருநாளும் படிப்பிக்காத என்னை எல்லாரும் ரீச்சர் என்றார்கள்.

எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது ஆண்டுகள் அவை. ஆமி கடலுக்கு விடுகிற நாளும் இருந்தது, விடாத நாளும் இருந்தது. விட்ட நாளில் வெறுங்கையோடு திரும்ப யாருக்கும் மனம் இல்லை.

அந்தோனியின் கை

இரண்டு கையையும் அகல விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை ஒரு பாகம். எங்கள் கடற்கரையில் நூலுக்கு அதுதான் கணக்கு. அந்தோனியும் அவனுடைய மூத்த அண்ணன் சூசையும் ஒரே படகில் தொழில் செய்தார்கள். எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போவார்கள். ஒரு பக்கம் அறக்குளா மீன் இரையை எடுத்தால் எத்தனை பாகத்தில் எடுத்தது என்று சொல்ல வேண்டும். மற்றவர் தன் நூலையும் அதே அளவில் விட வேண்டும்.

படகைக் கரைக்கு ஏற்றும்போது விழுந்ததில் அந்தோனியின் இடது தோள் விலகியது. பொருந்தி வந்த பிறகும் அந்தக் கை முழுதாக நீளவில்லை. அவன் முப்பது பாகம் என்று விட்டால் இருபத்தைந்துதான் போனது. கரையில் இருந்து கிழிந்த வலை பொத்தச் சொல்லிவிட்டார் சூசை. பதினாறு வயதிலிருந்து படகில் நின்றவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. இதைக் கேள்விப்பட்டு, கனடாவில் இருந்த நடு அண்ணன் தூண்டில் நூல் சுற்றுகிற ஒரு ரீல் அனுப்பினார். அதன் தலையில் சின்னக் கண்ணாடி. அதற்குள் மூன்று இலக்கங்கள். எத்தனை அடி நூல் போனதென்று அதுவே எண்ணும். ஒரு தூண்டில் தடியும் ஆங்கிலக் கடதாசியும் அதோடு வந்தன.

அந்தோனி அதைக் கைக்குழந்தைபோல மேசையில் கிடத்தினான். "ரீச்சர், உதுக்குக் கை இல்லைத்தானே. அப்ப பிழை விடாது."

எண்ணியது, போகவில்லை

கடதாசியை ஒருமுறை வாசித்து, எல்லாம் விளங்கியதாக நினைத்தேன். தங்கூசி என்கிற நைலோன் நூலை ரீலின் நடுத்தண்டில் முடிந்து சுற்றினேன். பார்க்க வடிவாக இருந்தது. நுனியை வாசல் கம்பியில் கட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினேன். இலக்கங்கள் ஓடின, நூல் அசையவில்லை. வழுக்கிற நூல்; தண்டு மட்டும் உள்ளே தனியாகச் சுழன்றுகொண்டிருந்தது. முதலில் தண்டில் ஒட்டுப்பிளாஸ்திரி ஒரு சுற்றுப் போட வேண்டும் என்று கடதாசியின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. மெய்யியலிலும் எனக்குச் சின்ன எழுத்தில்தான் புள்ளி குறைந்தது.

பக்கத்துக் கடைத் தையற்காரர் கந்தப்பு கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துச் சொன்னார்: "இருந்த இடத்திலை இருந்து கணக்குக் காட்டுது. கவுண்மேந்துக் கந்தோரிலை விட்டால் பென்சனோடைதான் வெளியிலை வரும்."

அரை வயிறு

பிளாஸ்திரி போட்டு மறுபடி சுற்றினேன். பாதியில் அந்தோனி போதும் என்றான். நாற்பது பாகத்துக்கு மேல் விடுவதில்லையாம், மிச்ச நூலை வீணாக்குவானேன் என்றான். எனக்கும் நியாயமாகப் பட்டது. ரீல் நூலை எண்ணுவதில்லை, தன் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது என்பது இருவருக்கும் உறைக்கவில்லை. அதன் கணக்கு நிறைந்த ரீலுக்கு; அதில் ஒரு சுற்றுக்குப் போகிற நூல், பாதி ரீலின் ஒரு சுற்றுக்குப் போகாது.

அந்தோனி அதோடு கடலுக்குப் போனபோது ரீல் நூற்றெண்பது அடி, அதாவது முப்பது பாகம் காட்டியிருக்கிறது. சூசை அந்த நூலைக் கையால் வலித்து அளந்திருக்கிறார். இருபத்திரண்டு.

அடுத்தநாள் அந்தோனி வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றான். "அண்ணை பேசேல்லை ரீச்சர். சிரிச்சவர். பேசியிருந்தால் காரியமில்லை."

தெருவில் ஒரு முழு நாள்

விளிம்புவரை நிரப்பத் தீர்மானித்தோம். இறுக்கிச் சுற்றாவிட்டால் நூல் உள்ளே புதையும். அதனால் அந்தோனி தெருவின் அந்தத் தலைப்பில் நூல்கட்டையை ஒரு குச்சியில் கோத்து, ஈரத்துணியால் நூலைப் பிடித்தபடி நின்றான். இந்தத் தலைப்பில் நான் சுழற்றினேன். நடுவில் சைக்கிள்கள் குனிந்து போயின. ஒரு ஆடு குனியவில்லை.

பிறகு கந்தப்புவின் நாடாவால் நூற்றெண்பது அடி அளந்து, ரீலைத் தெருவழியே ஓட விட்டோம். அதுவும் நூற்றெண்பது என்றது. ஆறடிக்கு ஒரு பாகம், முப்பது பாகம், அச்சொட்டாக. வாழ்க்கையில் நான் சரியென்று நிறுவிக் காட்டிய ஒரே விடயம் அதுதான். மீன்காரச் சின்னமணியக்கா கடகத்தோடு நின்று பார்த்தார். "பிள்ளையள், பட்டம் ஏத்துறதெண்டால் முனைப் பக்கம் போங்கோ. இஞ்சை காத்துக் காணாது."

தானம்

இந்த முறை சூசையே கடைக்கு வந்தார். கட்டையான மனிதர். ஆனால் கதைக்கும்போது கையை வீசுகிற வீச்சில் அலுமாரிச் சாமானெல்லாம் ஒதுங்கி நிற்கும். கடற்கரையில் அவருடைய பாகம்தான் நீளமானது என்பது ஊரறிந்த செய்தி, சொன்னவர் அவர். ரீல் முப்பது காட்டியபோது தன் கையில் முப்பத்துநாலு வந்ததாம். இரண்டு நூலும் பின்னிக்கொண்டு, எடுத்த மீனும் போய்விட்டதாம். திங்கட்கிழமை தொடக்கம் தொண்டைமானாற்றிலிருந்து ஒருவரை அந்தோனிக்குப் பதிலாகத் தூண்டிலுக்கு எடுக்கப் போவதாகவும் சொன்னார். அந்தோனி அவருக்குப் பின்னால் நின்று நிலத்தைப் பார்த்தான்.

நான் கடதாசியைக் காட்டினேன். சூசை அதை மரியாதையாக மடித்துத் திருப்பித் தந்தார். "முதலிலை எட்டுப் பாகம் களவெடுத்தது. இப்ப நாலு பாகம் தானம் பண்ணுது. உதை நம்பி எப்பிடி ரீச்சர் கடலுக்குப் போறது?"

சேட்டுக்கு அளவு

அன்றிரவு படுத்திருந்து யோசித்தேன். ரீல் பிழையில்லை, நாடா பிழையில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். காலையில் கந்தப்புவிடம் கெஞ்சினேன். அவர் சந்தைக்கு வந்த சூசையை மறித்து, பெருநாளுக்கு ஒரு சேட்டுத் தைக்க அளவெடுப்பதாகச் சொல்லி இரண்டு கையையும் விரிக்க வைத்தார். சேட்டுக்கு ஏன் விரல் நுனிவரை அளவு என்று சூசை கேட்கவில்லை. பெருமையாக விரித்துக்கொண்டு நின்றார்.

அவர் போனதும் கந்தப்பு என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "ஐஞ்சடி நாலங்குலம். உதை வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர், கடல் ஆழம் குறைஞ்சுபோம்."

வெட்டிக் குறைத்தது

ஆறடியில் எட்டு அங்குலம் துண்டு விழுந்தது. ஆனால் படகில் இருப்பவை இரண்டு நூல்கள். அதிலொன்று சூசையின் கையில். மற்றது அந்தக் கையோடு ஒத்துப்போனால் போதும். நூல் குறைந்த ரீல் கூட்டி எண்ணும் என்பதைத்தான் நாங்கள் பட்டு அறிந்திருந்தோமே. தெருவில் நூற்றறுபது அடியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். நூலைக் கொஞ்சம் வெட்டுவது, கோடுவரை விடுவது, இலக்கம் பார்ப்பது, மறுபடி வெட்டுவது. கோட்டில் நூற்றெண்பது வந்து நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. இலக்கத்தைப் பாகமாக்கி ஒரு மட்டையில் எழுதித் தடியில் ஒட்டினேன்.

அந்தோனி தடியைத் தூக்கவில்லை. "ரீச்சர், உது இப்ப பொய் சொல்லுதோ?" என்று கேட்டான். மூன்று வருடம் நான் படித்த கேள்வி. நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, உன் அண்ணனுக்கு முன்னால் இதைக் கேட்காதே என்றேன். நல்ல கையால் தடியைத் தூக்கியவன், "அப்ப சனிக்கிழமை கொண்டுபோறன்" என்றான்.

திங்கட்கிழமை

தொண்டைமானாற்று ஆள் வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார் சூசை. விடிந்து கொஞ்ச நேரத்தில் அவரே கொக்கி வாங்க வந்தார். சனிக்கிழமை தன் பக்கம் முப்பத்திரண்டு பாகத்தில் மீன் எடுத்ததாம். அந்தோனியும் முப்பத்திரண்டு விட்டானாம், அவன் பக்கமும் எடுத்ததாம். நூல் பின்னவில்லையாம். சந்தேகத்துக்கு ஒருமுறை வலித்து அளந்தும் பார்த்தாராம். வெளியே அந்தோனி நல்ல கையால் பெற்றோல் கானைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்க்காமல் நின்றான்.

சூசை கொக்கியை எண்ணிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினார். "இப்பதான் உது சரியாக் கதைக்குது ரீச்சர். கனடாக்காரனும் என்ரை பாகத்தைத்தான் வைச்சிருக்கிறான்."

பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் உண்மை எதுவென்று தேடிய நான், பருத்தித்துறையில் அதை எட்டு அங்குலம் குறைத்துச் சுற்றித்தான் ஒரு மனிதனுக்குப் படகில் இடம் எடுத்துக் கொடுத்தேன்.