மேல்வீட்டுத் தண்ணீர்

அம்மான் நகரில் அஷ்ரஃபிய்யா குன்றுக்கு ஏறும் படிக்கட்டுத் தெருவில் மிஸ்பாஹ் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். 'ஜன்னல் திறக்காத டிரைவர்' என்று கேட்டால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். ஸர்க்கா வழித்தடத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர். குளிர்காலத்தில் எவனாவது ஜன்னலை ஓர் அங்குலம் தள்ளிவிட்டால் போதும், பஸ்ஸை ஓரங்கட்டிவிடுவார்.

"காத்து முதுகுல ஏறிச்சுன்னா நீயா வந்து எண்ணெய் தேய்ச்சு விடுவே? மூடு."

பயணி மூடுவான். அத்தனை பேர் மூச்சும் ஈரக் கோட்டும் சேர்ந்து கண்ணாடியெல்லாம் வெளுத்துப்போக, இறங்க வேண்டிய இடம் தெரியாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தவர்கள் ஏராளம். ஆனால் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை என்பார் மிஸ்பாஹ். யார் போய்க் கணக்கெடுத்தார்களோ தெரியாது.

ஓய்வு பெற்றதும் அந்தச் சட்டம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. குளிர் தொடங்கும் முன்பே ஜன்னல் இடுக்கெல்லாம் கந்தல் திணித்து, மேலே டேப் ஒட்டிவிடுவார். உள்ளே கேஸ் ஹீட்டர் எரியும். அதன் தலைமேல் தேநீர்க் கெண்டி ஓயாமல் கொதிக்கும். சுற்றிலும் நாற்காலி முதுகுகளில் துவைத்த துணி காயும். அடுப்பில் பருப்பு சூப் மூடியில்லாமல் வேகும். காலையில் எழுந்து பார்த்தால் ஜன்னல் அடியில் குளமே கட்டியிருக்கும். விருந்தறை மூலையில் கறுப்பாய்ப் பூசணம் படர்ந்து, அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

இதற்கெல்லாம் காரணம் யார்? மேல்வீட்டு அபூ நாயிஃப். விருந்தறைக் கூரையின் மேல்தான் அவருடைய திறந்த முற்றம் இருந்தது. அங்கே அவர் புதினாத் தொட்டி வளர்த்தார். அந்தத் தண்ணீர்தான் கீழே இறங்குகிறது என்பது மிஸ்பாஹின் தீர்ப்பு. மூன்று குளிர்காலமாக அண்ணாந்து பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். பிளம்பர் வந்து முற்றத்தில் கல்லைப் பெயர்த்துப் பார்த்தான். அடியில் காய்ந்த மண் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. பிளம்பரையும் மேல்வீட்டான் கைக்குள் போட்டுக்கொண்டான் என்றார் மிஸ்பாஹ்.

மகள் ருலா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அந்த அறைக்குள் போனாலே அவளுக்கு இருமல் வரும்.

"பாபா, தண்ணி மேலேர்ந்து வரலே. நாமதான் காய்ச்சிக் காய்ச்சி ஏத்துறோம். கேஸ் எரிஞ்சாலே ஈரம் வரும். துணியை வெளியே போடுங்க, சட்டிக்கு மூடி போடுங்க, அலமாரியைச் சுவத்துலேர்ந்து தள்ளி வையுங்க. காலையில பத்து நிமிஷம் எல்லா ஜன்னலையும் அகலத் திறங்க. போதும்."

"பத்து நிமிஷத்துல நான் செத்துப்போவேன்."

"பத்து நிமிஷத்துல யாரும் சாக மாட்டாங்க."

"நீ மாத்திரை விக்கிறவ. காத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

இப்படியே போயிருக்கும். கைஸ் என்ற பையனை ருலாவுக்குப் பிடித்துப்போனதுதான் வினையாயிற்று. பையன் நல்லவன், குடும்பமும் குறை சொல்ல முடியாதது. முறைப்படி ஆண்களெல்லாம் திரண்டு பெண் கேட்டு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். கூட்டத்துக்கு முன்நின்று பேச ஊரில் மதிப்புள்ள பெரியவர் ஒருவர் வேண்டுமல்லவா? அவர்கள் தேடிப் பிடித்தது அபூ நாயிஃபை.

"அவனா? என் சுவரை அழுகவச்சவனுக்கு நான் காபி குடுக்கணுமா?" என்று மிஸ்பாஹ் குதித்தார்.

"குடுக்கணும்," என்றாள் ருலா. "அன்னிக்கு மட்டும் சுவரைப் பத்தி வாயைத் திறக்காதீங்க. அவர் கோவிச்சுக்கிட்டு எழுந்தா, கூட வந்தவங்க எல்லாரும் எழுந்துடுவாங்க. அதோட முடிஞ்சுது. எனக்கு வேற மாப்பிள்ளை வேண்டாம்."

மிஸ்பாஹுக்கு உயிர் அவள்மேல்தான். வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்.

அவர் மனைவி இன்ஆம் பூசணத்தின்மேல் வெள்ளையடித்தாள். பெண் கேட்டு வந்த அன்றைக்கு வெளியே எலும்பை உறைய வைக்கும் குளிர். விருந்தாளிகள் நடுங்கக் கூடாதென்று மிஸ்பாஹ் மதியமே இரண்டு ஹீட்டரை ஏற்றி, இரண்டின் மேலும் கெண்டியை வைத்தார். முப்பது ஆண்கள் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அபூ நாயிஃபுக்கு நடுவில் மரியாதை இருக்கை. கசப்புக் காபி வந்தது. வழக்கப்படி அவர் அதைக் குடிக்காமல் முன்னால் இருந்த சிறு மேசையில் வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை தொட மாட்டார்.

"அபூ ஃபாரிஸ்," என்று மிஸ்பாஹை மூத்த மகன் பெயர் சொல்லி மரியாதையாக அழைத்தார். "உங்க மக ருலாவை எங்க கைஸுக்குக் கேட்டு வந்திருக்கோம்."

மிஸ்பாஹ் பதில் சொல்ல எழுந்தார். அப்போது கூரையிலிருந்து ஒரு சொட்டு காபிக் கோப்பைக்குள் விழுந்தது.

இன்னொரு சொட்டு விழுந்தது. மிஸ்பாஹ் பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது சொட்டில் வாக்கு பறந்துபோயிற்று.

"பாத்தீங்களா? எல்லாரும் பாத்துக்குங்க. இவரு முற்றத்துத் தண்ணி, இவரு கோப்பையிலயே விழுது."

கதவுத் திரைக்குப் பின்னால் ருலா முகத்தைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளையின் தகப்பனார் செருப்பைத் தேடினார். அபூ நாயிஃப் மட்டும் அசையவில்லை.

"அபூ ஃபாரிஸ், இந்த வாரம் லாரித் தண்ணி வரலே. என் டாங்கி காஞ்சு கெடக்கு. ரெண்டு நாளா மக வீட்டுலதான் முகம் கழுவுறேன். மழையும் இல்லே. புதினா கருகிப்போச்சு, வேணும்னா மேலே வந்து பாருங்க. அப்போ இது யாரு தண்ணி?"

மிஸ்பாஹ் கூரையைப் பார்த்தார். புதுச் சுண்ணாம்பில் முத்து முத்தாய் ஈரம் தொங்கியது. பிறகு இரண்டு கெண்டிகளையும் பார்த்தார். அவை சோம்பல் இல்லாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

"ஒண்ணு கேட்டு வந்தேன்," என்றார் அபூ நாயிஃப். "இப்ப ரெண்டாக் கேக்குறேன். பொண்ணைக் குடுங்க, ஜன்னலைத் திறங்க. ரெண்டும் நடந்தாத்தான் காபி."

"பொண்ணைக் குடுத்தேன்," என்றார் மிஸ்பாஹ் அவசரமாக. "சந்தோஷமாக் குடுத்தேன். ஜன்னல் விஷயம்... வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்புறேன்."

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். அபூ நாயிஃப் கோப்பையைத் தொடவில்லை. "நிதானமாப் பேசுங்க. எங்களுக்கு அவசரமில்லே."

திரை விலகியிருந்தது. ருலா அழுதுகொண்டு நின்றாள். அதற்குமேல் மிஸ்பாஹால் தாங்க முடியவில்லை. கோட்டுக் காலரைக் காது வரை ஏற்றிக்கொண்டு, சாகப் போகிறவர் மாதிரி ஜன்னலை நோக்கி நடந்தார். டேப்பைக் கிழித்தார், கந்தலை உருவினார். ஜன்னல் கதவு ஊறிப்போய் அசைய மறுத்தது. கைஸ் ஓடிவந்து தோள் கொடுத்தான். இருவரும் மோதியதில் பட்டென்று திறந்தது.

குளிர் சர்ரென்று உள்ளே பாய்ந்தது. அறையின் புழுக்கமெல்லாம் புகையாய்த் தெருவுக்குப் போயிற்று. அபூ நாயிஃப் கோப்பையை எடுத்து, விழுந்த சொட்டுகளோடு சேர்த்து ஒரே மடக்கில் குடித்தார். உள்ளறையிலிருந்து பெண்கள் போட்ட குலவை எதிர்வரிசை வீடுகளைக்கூட எட்டிப் பார்க்க வைத்தது.

மிஸ்பாஹ் தலை குனிந்து அவர் முன்னால் போய் நின்றார். "மூணு வருஷமா உங்களைத் திட்டிட்டேன். மன்னிச்சிருங்க."

"பரவாயில்லே," என்றார் அபூ நாயிஃப். "ஜன்னல் மூடியிருந்துச்சா, பாதிதான் கேட்டுச்சு."